‘மெச்சூர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் உண்மையான பொருள் என்ன?

சத்துவாச்சாரி வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றித் தெளிவு வேண்டி இதை எழுதுகிறேன். என் அண்ணன் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வு முடிந்து வந்த மதிப்பெண் அட்டையில், அவளுடைய வகுப்பாசிரியர் ஆங்கிலத்தில் பாராட்டாக ஒரு வரி எழுதியிருந்தார். அதில் அவளை ‘மெச்சூர்டு கேர்ள்’ என்று குறிப்பிட்டிருந்தார். பொறுப்பாக நடந்துகொள்கிறாள், பிறர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்கிறாள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அந்த வரி வேறு விதமாகப் படிக்கப்பட்டது. பெண் பெரியவளாகிவிட்டாள் என்ற செய்தி நமக்குத் தெரிவதற்கு முன் பள்ளிக்கூடத்துக்கு எப்படித் தெரிந்தது என்று என் தாயார் கேட்டார். தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்புவதா என்று அண்ணியும் குழம்பிப்போனார். விவரம் புரியாத பிள்ளை அழுதுகொண்டு அறைக்குள் போய்விட்டாள். ஆசிரியர் எந்தப் பொருளில் எழுதினார் என்பதை நான் எடுத்துச் சொன்ன பிறகே வீடு அமைதியானது.

இருந்தாலும் என் மனத்தில் கேள்விகள் நின்றுவிட்டன. வேலூர், ஆற்காடு, குடியாத்தம் என்று நம் பக்கத்தில் எங்கே கேட்டாலும் ‘மெச்சூர் ஆகிவிட்டாள்’ என்றால் பூப்பெய்தினாள் என்ற ஒரே பொருள்தான். அப்படியிருக்க, ஆங்கில நூல்களிலும் அலுவலகங்களிலும் இச்சொல் அறிவையும் நடத்தையையும் குறிப்பது ஏன்? இவற்றில் மூலப்பொருள் எது? ‘மெச்சூர்’ என்று எழுதுவது சரியா, ‘மெச்சூர்டு’ என்று எழுதுவது சரியா? காப்பீட்டுப் பாலிசியும் ‘மெச்சூர்’ ஆகிறதே, அதற்கும் இதற்கும் என்ன உறவு? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஆற்காட்டு ஆங்கில ஆசிரியர் எழுதியது:

தம்பி, கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட ஒரு வரி ஒரு குழந்தையை அழவைத்துவிட்டதே என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆகவே முதலில் வழக்கைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்கு வருகிறேன்.

ஒருவருடைய குணத்தையோ அறிவையோ குறிக்கும் பெயரடையாக வரும்போது ‘மெச்சூர்’ என்பதே சரியான ஆங்கிலம். ‘மெச்சூர் கேர்ள்’, ‘மெச்சூர் டிசிஷன்’ என்றுதான் எழுத வேண்டும். ‘மெச்சூர்டு’ என்ற வடிவம், காலம் கடந்து பதம் பெற்ற பொருள்களுக்கு அடையாக வருவது. பாலாடைக்கட்டி, திராட்சை மது, விஸ்கி ஆகியவற்றை அப்படிச் சொல்வார்கள். வினையாக வரும்போது அது மனிதருக்கும் பொருந்தும். ‘அவள் கடந்த ஆண்டில் மிகவும் மெச்சூர் ஆகியிருக்கிறாள்’ என்ற கருத்தை ‘ஷி ஹாஸ் மெச்சூர்டு’ என்று எழுதுவதில் பிழையில்லை. ஆனால் நம் நாட்டு ஆங்கிலத்தில் பெயரடை வரவேண்டிய இடத்திலும் ‘மெச்சூர்டு’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். அதற்கு நம் மொழியமைப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. தமிழில் நாம் எந்த ஆங்கிலச் சொல்லையும் ‘ஆகு’ என்ற வினையோடு சேர்த்து ஒரு நிகழ்ச்சியாக்கிக்கொள்கிறோம். ‘மெச்சூர் ஆனாள்’ என்றதும் அது ஒருநாள் நடந்து முடிந்த நிகழ்ச்சியாகிவிடுகிறது. முடிந்துபோன நிகழ்ச்சிக்கு இறந்தகால வடிவம் பொருத்தமாகத் தோன்றுவதால் ‘மெச்சூர்டு’ நாவில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘மெச்சூர்’ என்பது நிகழ்ச்சியன்று, நிலை. அதுவும் ஏறக்குறைய இருக்கக்கூடிய நிலை. ஒருவர் மற்றொருவரைவிட மெச்சூராக இருக்கலாம். ஒரு செய்தியில் அப்படியும் மற்றொரு செய்தியில் அப்படியில்லாமலும் இருக்கலாம்.

இனி வரலாறு. இச்சொல் லத்தீன் மொழியின் ‘மாத்தூருஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘பழுத்த’ என்பதும் ‘உரிய காலத்தில் வந்த’ என்பதும் அதன் பொருள்கள். இவற்றோடு ‘விரைவில் வந்த’ என்ற பொருளும் அதற்கு உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கும். அதன் வினைவடிவமோ பழுக்கவைப்பதையும் குறித்தது, விரைவுபடுத்துவதையும் குறித்தது. ரோமானியரின் வைகறைத் தெய்வமான ‘மாத்தூத்தா’வின் பெயரும் இதே வேரைச் சேர்ந்தது என்று சொல்லாய்வாளர் கருதுகின்றனர். அந்தத் தெய்வத்தின் பெயர்வழியே காலைப்பொழுதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் பிறந்தது. அதிலிருந்து வந்ததுதான் நாம் திரையரங்கில் சொல்லும் ‘மாட்னி’. காலையைக் குறித்த சொல் பிற்பகல் காட்சிக்குப் பெயராகிவிட்டது வேறொரு கதை.

பழுத்தலும் விரைதலும் ஒரே சொல்லில் எப்படிப் பொருந்தின என்ற கேள்வி ரோமானியருக்கே இருந்திருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவுலுஸ் கெல்லியுஸ் என்ற எழுத்தாளர் இதை விரிவாக ஆராய்கிறார். தம் காலத்து மக்கள் இச்சொல்லை ‘அவசரமாக’ என்ற பொருளில் ஆள்வது தவறு என்று சொல்லி, தமக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த நிகிடியுஸ் என்ற அறிஞர் தந்த விளக்கத்தைச் சான்றாகக் காட்டுகிறார். மிக முந்தியும் இல்லாமல், மிகப் பிந்தியும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் அளவோடு அமைவதே அச்சொல்லின் பொருள் என்பது நிகிடியுஸின் விளக்கம். பச்சையாகவும் இல்லாமல் அழுகியும் போகாமல் தன் பருவத்தில் விளைந்த கனியை அதனால்தான் அச்சொல்லால் அழைக்கிறோம் என்கிறார் கெல்லியுஸ். அகஸ்டஸ் பேரரசர் ‘மெல்ல விரைந்து செல்’ என்று கிரேக்க மொழியில் அடிக்கடி சொல்வாராம்; முயற்சியின் வேகமும் கவனத்தின் நிதானமும் ஒருங்கே சேர்ந்த அந்த நிலையையே இந்த ஒற்றை லத்தீன் சொல் உணர்த்துகிறது என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். பல ஆண்டுகள் இச்சொல்லை மாணவர்க்கு விளக்கியும் இதைவிடச் சிறந்த விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆங்கிலத்துக்கு இச்சொல் வந்த வழியும் சுவையானது. 1400ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இது வினைச்சொல்லாக மருத்துவ எழுத்துகளில் காணப்படுகிறது. அங்கே அதன் பொருள், கட்டியைப் பழுக்கவைத்துச் சீழ் கொள்ளச் செய்வது. நாமும் ‘கட்டி பழுத்துவிட்டது’ என்றுதானே சொல்கிறோம்! ஏறத்தாழ அதே காலத்தில் ‘மெச்சூரிட்டி’ என்ற பெயர்ச்சொல் நடத்தையில் தோன்றும் நிதானத்தைக் குறிக்க வழங்கியிருக்கிறது. ஆகவே குணத்தைக் குறிக்கும் பொருள் நேற்று ஒட்டவைத்ததன்று. ஆங்கிலத்தில் அறுநூறு ஆண்டுகளாக இருந்து வருவது. வைப்புத்தொகையும் பாலிசியும் ‘மெச்சூர்’ ஆவது ‘உரிய காலம் வந்தது’ என்ற கிளையைச் சேர்ந்தது. வங்கிகள் அதை ‘முதிர்வு’ என்று தமிழாக்கியிருப்பது மிகப் பொருத்தம்.

உங்கள் வீட்டார் கொண்ட பொருளும் அடிப்படையற்றது என்று சொல்லிவிட முடியாது. உயிரியலில் இனப்பெருக்கத்துக்கு உடல் தகுதியடையும் கட்டத்தை இச்சொல்லால்தான் குறிக்கிறார்கள். ஆனால் ஆங்கிலேயர் அதை உடலைக் குறிக்கும் ஓர் அடைமொழியோடு சேர்த்துச் சொல்வார்கள். தனியாக விட்டால் அது குணத்தையே குறிக்கும். நம் பேச்சில் அந்த அடைமொழி உதிர்ந்துவிட்டது. ஏனென்றால் நம்மிடம் முன்பே ‘வயதுக்கு வந்தாள்’ என்ற தொடர் இருந்தது. வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டவர்கள் அதற்கு ஓர் ஆங்கிலப் போர்வை தேடினார்கள், இச்சொல் கிடைத்தது. தமிழிலேயே இதற்கு இணையான ஒரு நுட்பம் இருப்பதைக் கவனியுங்கள். ‘வயது வந்தோர் வாக்குரிமை’ என்றால் பதினெட்டு நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும் உரியது. ‘வயதுக்கு வந்த பெண்’ என்றாலோ பூப்பெய்தியவள். ஒரு நான்காம் வேற்றுமை உருபுதான் இரண்டையும் பிரிக்கிறது.


பேரணாம்பட்டு மாந்தோப்பு எழுதியது:

ஐயா சொன்ன லத்தீன் விளக்கத்தைப் படித்தபோது எங்கள் தொழிலில் இச்சொல் எவ்வளவு துல்லியமாக ஆளப்படுகிறது என்பதைச் சொல்லத் தோன்றியது. எங்கள் குடும்பத்துக்கு மாந்தோப்பு உண்டு. நான் தோட்டக்கலை படித்தவன்.

தோட்டக்கலையில் ‘மெச்சூர்’ வேறு, ‘ரைப்’ வேறு. மெச்சூர் என்றால் முற்றிய காய், ரைப் என்றால் பழுத்த கனி. மாங்காயை நாங்கள் மரத்திலேயே பழுக்கவிட்டுப் பறிப்பதில்லை, முற்றியதும் பறித்துவிடுகிறோம். காம்பைச் சுற்றியுள்ள தோள்பகுதி எழும்பி, காம்பு பள்ளத்தில் அமர்ந்ததுபோல் ஆகும். உள்ளே கொட்டை கெட்டிப்படும். சதை வெளுப்பிலிருந்து இளமஞ்சளுக்கு மாறத் தொடங்கும். நீரில் போட்டால் முற்றிய காய் மூழ்கும், முற்றாதது மிதக்கும். முற்றிய காய்க்குத் தானே பழுக்கும் ஆற்றல் உண்டு. மரத்தை விட்டு வந்த பிறகும் அது எத்திலீன் வாயுவைத் தானே வெளியிட்டுப் பழுக்கும். முற்றாத காயை என்ன செய்தாலும் அது சுருங்கும், புளிக்கும். மேல்தோலில் மஞ்சள் நிறம் ஏறினாலும் இனிப்பு ஏறாது. தடை செய்யப்பட்டிருக்கும் கால்சியம் கார்பைடு கல்லை வைத்துச் சிலர் செய்யும் கொடுமை இதுதான். மேலே நிறத்தைக் காட்டி, உள்ளே இல்லாத முதிர்ச்சியை இருப்பதாக நம்பவைக்கிறார்கள். உழைத்து விளைவித்தவன் என்ற முறையில் இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொரு செய்தி. எல்லா விளைச்சலுக்கும் முற்றுதல் சிறப்பன்று. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் முள்ளுக்கத்தரியை எடுத்துக்கொள்ளுங்கள். விதை கெட்டிப்படாத இளங்காயாகப் பறித்தால்தான் அதற்கு விலை. முற்றினால் விதைக்கு மட்டுமே ஆகும். இதனால் பாடத்தில் இருவகை மெச்சூரிட்டியைச் சொல்வார்கள். செடியின் கணக்கில் விதை முழுமையடைவது ஒன்று. உண்பவரின் கணக்கில் காய் பறிக்கத் தகுந்த பதத்துக்கு வருவது மற்றொன்று. மாங்காயில் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்து வரும். கத்தரியில் இரண்டாவது முன்னால் வந்துவிடும். எதற்காக அளக்கிறோம் என்பதைச் சொல்லாமல் ‘மெச்சூர்’ என்று மட்டும் சொன்னால் எங்கள் துறையிலும் அது அரைகுறைச் செய்திதான்.


தொரப்பாடி செவிலியர் எழுதியது:

நான் வேலூரில் செவிலியராகப் பணிபுரிகிறேன். மருத்துவமனையில் இச்சொல் நாள்தோறும் எங்கள் காதில் விழுகிறது. கண்புரை முழுவதும் வெளுத்துப் பார்வையை மறைத்துவிட்டால் அதை ‘மெச்சூர் கேட்டராக்ட்’ என்போம். நோயாளிகள் அதையே ‘புரை முற்றிவிட்டது’ என்று அழகாகச் சொல்வார்கள். 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையை ‘பிரிமெச்சூர்’ என்று சொல்லிவந்தோம். இப்போது ‘பிரீடெர்ம்’ என்ற சொல்லே பெரும்பாலும் எழுதப்படுகிறது. வாரக் கணக்கை மட்டும் அது சொல்வதால் குழப்பம் குறைகிறது.

ஆனால் முதல் மாதவிடாயை மருத்துவ ஏட்டில் யாரும் ‘மெச்சூர்’ என்று எழுதுவதில்லை. அதற்கு ‘மெனார்க்கி’ என்று தனிச்சொல் இருக்கிறது. கிரேக்க மொழியில் மாதத்தையும் தொடக்கத்தையும் குறிக்கும் சொற்கள் சேர்ந்து அமைந்தது அது. அதாவது, அந்தச் சொல்லே ‘தொடங்கியது’ என்றுதான் சொல்கிறது. நம் ஊர் வழக்கோ அதே நாளை ‘முதிர்ந்தாள்’ என்று சொல்லி முடித்துவைக்கிறது. இந்த வேறுபாட்டை நான் சிறிய வேறுபாடாக நினைக்கவில்லை. பூப்பெய்திய பிறகும் பெண்ணின் உயரம் சிறிது காலம் கூடுகிறது. இடுப்பெலும்பு இன்னும் வளர்கிறது. முதல் ஓரிரு ஆண்டுகளில் மாதவிடாய்ச் சுழற்சியே ஒழுங்குக்கு வராமல் இருப்பதும் இயல்பு. சிந்தித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் வளர்ச்சியடைந்துகொண்டே இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்து ‘மெச்சூர் ஆகிவிட்டாள்’ என்று ஊர் சொல்லும்போது, அவளுக்கு இனி வளர ஒன்றும் மிச்சமில்லை என்ற எண்ணம் கேட்பவர் மனத்தில் ஏறிவிடுகிறது. படிப்பை நிறுத்துவதற்கும் மாப்பிள்ளை பார்ப்பதற்கும் இந்தச் சொல்லையே காரணமாகச் சொன்னவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1875ஆம் ஆண்டின் உரிமை வயதுச் சட்டத்தின்படி பதினெட்டு நிறைந்தவரே ‘மேஜர்’. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி பெண்ணுக்குத் திருமண வயது பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று. ‘மேஜர்’, ‘மெச்சூர்’ என்ற இரண்டு சொற்களும் காதுக்கு நெருக்கமாக ஒலிப்பதால் சில தாய்மார்கள் ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிடுகிறார்கள். ‘மேஜர்’ என்பது ‘பெரிய’ என்ற பொருளுடைய வேறொரு லத்தீன் சொல்; பூப்போடு அதற்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. குழந்தைத் திருமணம் நடக்கப்போவதாகத் தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மஞ்சள் நீராட்டு விழாவை நான் குறை சொல்லவில்லை. தாய்மாமன் சீரும் உறவினர் கூடும் மகிழ்ச்சியும் எனக்கும் கிடைத்தவைதான். அந்த விழாவுக்குத் தமிழில் ‘பூப்பு’ என்ற நல்ல சொல் இருக்கும்போது, காயையும் கனியையும் தாண்டிப்போன ஒரு சொல்லை அந்தப் பிள்ளையின் தலையில் ஏன் வைக்க வேண்டும் என்பதே என் கேள்வி. பூ பூத்திருக்கிறது என்றால் இனிமேல்தானே எல்லாம்!


சத்துவாச்சாரி வாசகன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செவிலியர் அக்கா எழுதியதை என் தாயாருக்கும் அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். இருவரும் முழுவதும் கேட்டார்கள். இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. இச்சொல்லைத் தமிழில் எழுதும்போது ‘முதிர்ச்சி’ என்பதா, ‘பக்குவம்’ என்பதா? எட்டாம் வகுப்புப் பெண்ணை ‘முதிர்ந்தவள்’ என்றால் காதுக்கு ஒவ்வவில்லை. வயதை மீறிப் பேசும் பிள்ளைகளை வீட்டில் ‘பிஞ்சிலே பழுத்தது’ என்கிறார்களே, அதுவும் இந்தப் பொருள்தானா?


ஆற்காட்டு ஆங்கில ஆசிரியர் எழுதியது:

ஒவ்வாதது உங்கள் காதுக்கு மட்டுமன்று, தம்பி. ‘முது’ என்ற வேரில் மூப்பு இருக்கிறது; முதியவர், முதுமை, முதுமொழி எல்லாம் அதன் மக்கள். ஆகவே நாற்பதைக் கடந்த ஒருவரின் கருத்தை ‘முதிர்ந்த கருத்து’ எனலாம். சிறுமியின் குணத்துக்கு அச்சொல் பாரமாக இருக்கும். ‘முற்றுதல்’ காய்க்கும் கதிருக்கும் நோய்க்கும் சண்டைக்கும் உரியது. ‘முதிர்வு’ பணத்துக்கு. மனத்துக்கும் நடத்தைக்கும் ‘பக்குவம்’ என்பதே தக்க சொல்.

‘பக்குவம்’ என்பது வடமொழியின் ‘பக்வ’ என்பதிலிருந்து வந்தது. சமைக்கப்பட்டது, பழுத்தது என்ற இரண்டும் அதன் பொருள்கள். சமையலறையில் பாகு பக்குவத்துக்கு வந்தது என்பதும், ஒருவர் பக்குவமாகப் பேசினார் என்பதும் ஒரே சொல்லாக இருப்பது அதனால்தான். வேரைத் தேடினால் அது லத்தீனில் ‘சமைத்தல்’ என்று பொருள்படும் வினைக்கு உடன்பிறப்பு. அந்த லத்தீன் வினையோடு ‘முன்’ என்ற பொருளுடைய முன்னொட்டைச் சேர்த்தால் ‘காலத்துக்கு முன்பே பழுத்த’ என்று பொருள் வரும். அதுவே ஆங்கிலத்தில் ‘பிரிகோஷியஸ்’ ஆயிற்று. சீக்கிரம் பழுக்கும் பழம் என்ற பொருளில் அதே சொல் கிரேக்கத்துக்கும் அரபிக்கும் போய்ச் சுற்றி வந்து ‘ஏப்ரிகாட்’ என்ற பெயரும் ஆனது. நம் ‘பிஞ்சிலே பழுத்தது’ என்ற தொடர், ‘மெச்சூர்’ என்பதற்கு இணையாகாது. ‘பிரிகோஷியஸ்’ என்பதன் மூலப்பொருளுக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் ‘பிரிகோஷியஸ்’ பெரும்பாலும் அறிவுக்கூர்மையைப் பாராட்டும் சொல், நம்முடையது கண்டிப்பு. மேலும் மாந்தோப்பு நண்பர் சொன்னபடி, முற்றாமல் பழுத்த காயில் இனிப்பு இருக்காது என்ற விவசாயியின் அறிவு நம் தொடரில் இருக்கிறது. ஆகையால் அதை அந்தப் பெண்ணின்மேல் ஏற்ற வேண்டாம்.

மதிப்பெண் அட்டையில் எழுத நேரும் ஆசிரியர்களுக்கு என் பரிந்துரை இது. தமிழில் எழுதினால் ‘பொறுப்புணர்வோடும் பக்குவமாகவும் நடந்துகொள்கிறாள்’ என்று எழுதலாம். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமென்றால், இச்சொல்லைப் பெண்ணுக்கு நேரடியாக அடையாக்காமல், அவளுடைய செயலுக்கு அடையாக்குங்கள். ‘குழுவில் வந்த கருத்து வேறுபாட்டை மெச்சூரான முறையில் கையாண்டாள்’ என்ற பொருள் வரும்படி எழுதினால், வீட்டில் யார் படித்தாலும் வேறு பொருள் கொள்ள இடமிராது. அவள் என்ன செய்து அந்தப் பாராட்டைப் பெற்றாள் என்பதும் பெற்றோருக்குத் தெரிந்துவிடும்.